படித்துறைக்குப் போகாத கம்பளம்

எங்கள் வீட்டு முன்னறையில் விரித்திருக்கும் கம்பளத்தில், வாசல் பக்கத்து மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு நிறம் வெளிறிய ஓரிடம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கறை என்று எண்ணிக்கொண்டு, பார்க்காதவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் அது கறையை எடுக்கப் போய் நானே உண்டாக்கிய தழும்பு. முதலில் அங்கே சிந்தியது அரைத் தம்ளர் கருப்பட்டிக் காபிதான். அதை அப்படியே விட்டிருந்தாலும் அந்த அடர்சிவப்பில் இவ்வளவு கண்ணை உறுத்தியிருக்காது.

கம்பளம் என் அண்ணன் கொடுத்தது. மஸ்கட்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, சுருட்டிக் கட்டி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல்வரை தாமே சுமந்துகொண்டு வந்து இறக்கினார். எட்டடிக்கு ஐந்தடி, பருத்தி நூலாலான அடித்தளத்தில் கம்பளி இழைகள் நெருக்கமாக முடியப்பட்டது. மொசைக் தரையில் கோரைப்பாயும் ஜமுக்காளமும் விரித்துப் பழகிய குடும்பத்தில் அப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. என் மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “மிதிக்கதுக்கா இது?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விரித்தோம், மிதித்தோம், சிந்தினோம்.

துவைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஆறுதான் நினைவுக்கு வரும். நான் வளர்ந்தது சேரன்மகாதேவியில். பொங்கலுக்கு முன்னால் வீட்டிலுள்ள ஜமுக்காளங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டித் தாமிரபரணிக்குக் கொண்டுபோவோம். ஊறவைத்து, கல்லில் அடித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் அலசினால், அழுக்கும் சோப்பும் நம் கண்முன்னே கிழக்கு நோக்கிப் போய்விடும். மணலில் விரித்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்ததும் அதே பருத்தித் துணிகளைத்தான். பருத்தி உவர்மண்ணிலும் சோப்பிலும் உள்ள காரத்தைத் தாங்கும், கொதிநீரைத் தாங்கும், அடியையும் தாங்கும். கறை எடுப்பது பற்றி நம் கைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பருத்தியிடமும் படித்துறைக் கல்லிடமும் கற்றுக்கொண்டது என்பதை, இந்தக் கம்பளத்தைக் கெடுத்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

கம்பளத்துக்கு ஓடுகிற தண்ணீர் கிடையாது. அதன்மேல் நாம் ஊற்றுவது எதுவோ அதை நாமேதான் திரும்ப எடுக்கவும் வேண்டும். எடுக்காமல் விட்டால், அது தண்ணீரானாலும் சோப்பானாலும் அடித்தளத்திலேயே தங்கிவிடும். தங்கிய தண்ணீர் நாற்றமாகிறது. தங்கிய சோப்பு பிசுபிசுப்பாகி, நடக்கிறவர்களின் கால் தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கறை இருந்த இடம் முன்னைவிடக் கறுத்துத் தெரியும். ஆகவே கம்பளத்தில் கறை எடுப்பதன் பெரும்பகுதி தேய்ப்பதில் இல்லை, ஒற்றி எடுப்பதில் இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்துக் கறையின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். நனைந்த பக்கத்தை மாற்றி மீண்டும் அழுத்த வேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வர வேண்டுமே தவிர, நடுவிலிருந்து வெளியே போகக் கூடாது. பழைய வேட்டித் துண்டைவிட இதற்கு உகந்த துணியை நான் காணவில்லை. சாயத் துணியை எடுத்தால் அதன் சாயமும் சேர்ந்துகொள்ளும். பரபரவென்று தேய்த்தால் இழைகளின் முறுக்கு அவிழ்ந்து, கறை போன பிறகும் அந்த இடம் மட்டும் பஞ்சாய்ப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது: உங்கள் கம்பளம் எதனால் ஆனது? கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அடிப்பக்கத்து ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளைப் பிய்த்து, கழுவுதொட்டியின்மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகுவது போல நாறி, விரலால் நசுக்கினால் பொடியாகிற சாம்பல் விழுந்தால் அது கம்பளி. உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றால் நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழை. காகிதம் போல எரிந்தால் பருத்தி அல்லது சணல். கம்பளியும் பட்டும் புரதம். காரம் அவற்றை அரிக்கும், சலவைத்தூளில் சேர்க்கப்படும் புரதம் சிதைக்கிற நொதிகளும் அரிக்கும். பாலிபுரொப்பிலீன் தண்ணீர்க் கறைகளை அவ்வளவாக ஏற்காது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் விரிப்புகளில் பெரும்பாலானவற்றின் இழைகள் பின்புறம் பசையால் ஒட்டப்பட்டவை. அவற்றின்மேல் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினால் பசை இளகி இழை உதிரத் தொடங்கும்.

இனி சாம்பாருக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கறைகளில் பாதி மஞ்சளால் வந்தவை. நான் முப்பது ஆண்டு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். மஞ்சளைக் குழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும் என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், முருங்கைக்காய்ச் சாம்பார் கிண்ணத்தோடு கவிழ்ந்தபோது, படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. துணி துவைக்கும் கட்டிச் சோப்பைக் கொண்டுவந்து தேய்த்தேன். கம்பளத்தின் கரையில் இருந்த வெண்ணிறப் பூவேலை என் கண்ணெதிரே இரத்தச் சிவப்பாக மாறியது. பதறிப்போய் மேலும் சோப்புப் போட்டேன். மேலும் சிவந்தது. “எம்மா, அது துணியா, கல்லுல போட்டு அடிக்கதுக்கு? எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு பாரு” என்று சொன்னது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமியார். சரியான விடை அதுதான். ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒற்றியபோது சிவப்பு அடங்கிப் பழைய மஞ்சள் நிறம் திரும்பியது. அதாவது, நான் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

அன்றைய அவமானத்தில் ஒரு நன்மை விளைந்தது. இப்போது எந்தச் சோப்புத் திரவத்தையும் கம்பளத்தில் தொடுவதற்கு முன் வகுப்பறைச் சோதனையைச் செய்துவிடுகிறேன். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் பூசிக் காயவைத்து, அந்தத் திரவத்தைப் பயன்படுத்தப்போகிற அளவுக்கே நீர் சேர்த்துக் கலக்கி, ஒரு சொட்டு விடுகிறேன். காகிதம் சிவந்தால் அதில் காரம் இருக்கிறது. கம்பளிக்கும் ஆகாது, மஞ்சள் கறைக்கும் ஆகாது. துணிச் சோப்பும் சலவைச் சோடாவும் உடனே சிவக்க வைக்கின்றன. நான் வாங்கும் பாத்திரம் கழுவும் திரவம் சிவக்க வைப்பதில்லை. பட்டுச் சேலைக்குப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் சிவக்க வைப்பதில்லை. அது இயல்பாகவே இலேசான புளிப்புத் தன்மை உடையது. வெளிர்நிறக் கம்பளத்தில் அதன் பழுப்பு நிறமே கறையாகிவிடலாம் என்பது மட்டும் அதிலுள்ள சங்கடம்.

மஞ்சளை எடுக்கும் முறைக்கு மூன்று படிகள். மேலே கிடக்கும் பருப்பையும் காயையும் கரண்டியால் வழித்தெடுத்த பிறகு, சாம்பாரில் உள்ள எண்ணெய்க்காகப் பாத்திரத் திரவம் ஒரு தேக்கரண்டியை ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்து ஒற்றி, வெறுந்தண்ணீரால் அதையும் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து (கம்பளத்தில் ஊற்றாமல்) ஒற்றினால் துணிக்கு மஞ்சள் ஏறிக்கொண்டே வரும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. மீதி எஞ்சுவதை வெயிலிடம் விட்டுவிடலாம், குர்குமினுக்கு வெயில் ஆகாது. சாயமேற்றிய கம்பளத்துக்கும் வெயில் ஆகாது என்பதால், பழைய போர்வை ஒன்றில் கறையின் அளவுக்குத் துளை வெட்டி, கம்பளத்தின்மேல் போர்த்தி, கறை மட்டும் தெரியும்படி மொட்டைமாடித் தட்டட்டியில் விரித்தேன். சித்திரை வெயிலில் மூன்று முற்பகல்கள் போதுமாக இருந்தன. அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சை யாருக்கு என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார்.

காபியைப் பற்றிச் சொல்வதாயிருந்தால் அந்தத் தழும்பின் கதையையும் சொல்ல வேண்டும். காபி, தேநீர்க் கறைகளின் நிறம் தாவரத் துவர்ப்புப் பொருள்களால் வருவது. சிந்தியவுடன் வெதுவெதுப்பான தண்ணீரை ஒற்றி, பிறகு முன்சொன்ன வினிகர்த் தண்ணீரை ஒற்றினால் பெரும்பாலும் போய்விடும். கட்டிச் சோப்பு அதை இறுக்கிவிடும். பால் காபியானால் பாலின் கொழுப்புக்காகவும் புரதத்துக்காகவும் நடுவே ஒருமுறை பாத்திரத் திரவம் தேவைப்படும். கருப்பட்டிக் காபியில் பால் இல்லை, ஆனால் வெல்லப்பாகு இருக்கிறது. நிறம் போன பிறகும் இனிப்பு தங்கி, மறுநாள் எறும்புச் சாரையே கறையின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டிவிடும். எறும்பு வராத அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரால் நாலைந்து முறை ஒற்ற வேண்டும். இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு, வெள்ளைச் சட்டைக் காலருக்குப் போடுகிற குளோரின் வெளுப்புத் திரவம் எல்லாவற்றையும் எடுக்கும் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, ஒரு மூடி அளவு ஊற்றிவிட்டேன். காபி போயிற்று. அதோடு சாயமும் போயிற்று. இழைகள் மஞ்சளித்து, ஈர்க்குச்சி போல விறைத்து, சில வாரங்களில் முறிந்து விழுந்தன. குளோரின் வெளுப்பான் கம்பளியின் புரதத்தையே கரைக்கக்கூடியது. வெள்ளை வேட்டிக்கு மருந்தாக இருப்பது கம்பளிக்கு நஞ்சு. எந்தத் திரவமானாலும், முதலில் நாற்காலிக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் ஒரு சொட்டு வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே நடுவீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒரு குறை சொல்லிக்கொள்கிறேன். கறை என்று யாரிடம் பேச்செடுத்தாலும், வினிகரையும் ஆப்பச்சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்கிறார்கள். புசுபுசுவென்று நுரைப்பதைக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு அங்கே மிஞ்சுவது தண்ணீரும், காற்றில் போகிற கரியமில வாயுவும், கொஞ்சம் உப்பும்தான். நுரை பொங்குவது கண்ணுக்கு வேலை நடப்பது போலத் தோன்றும், அவ்வளவே. வினிகருக்கு ஒரு வேலை உண்டு, சோடாவுக்கு வேறொரு வேலை உண்டு. காய்ந்த கம்பளத்தில் இரவு சோடாவைத் தூவிக் காலையில் உறிஞ்சி எடுத்தால் நாற்றம் குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றுவது இரண்டையும் வீணாக்குவது.

அல்வா இல்லாமல் திருநெல்வேலி வீட்டுக் கறைகளைப் பேச முடியாது. வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்த அல்வாவிலிருந்து நெய் வடிந்து, இலையின் ஓரமாகக் கம்பளத்துக்கு வந்துவிடும். நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த கறை என்பதால் இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். நெய் உறையும் பொருள். ஆகவே பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வைத்து, உறைந்த பிறகு கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் முக்கால்வாசி வந்துவிடும். அடுத்து முகத்துக்குப் பூசுகிற டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி, இரண்டு மணி நேரம் விட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பவுடர் நெய்யை உறிஞ்சிக் கட்டிகட்டியாக நிற்கும். இதை இரண்டாவது முறையும் செய்யலாம். அரிசிமாவும் உறிஞ்சும், ஆனால் அதன் மிச்சத்துக்குப் பூச்சி வரும் என்பதால் நான் விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் பாத்திரத் திரவம், கடைசியில் சர்க்கரைக்கு வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றினால், இளகிய நெய் கீழே அடித்தளத்துக்கு இறங்கி, அங்கிருந்து தூசியைச் சேர்த்துக்கொண்டு பல மாதங்கள் கழித்து மேலே வரும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்க் கறைகளுக்கும் இதே வழிதான். சொதி சிந்தினாலும் அதன் தேங்காய்ப்பால் கொழுப்புக்கு இதே வழி. ஆனால் சொதியை யாரும் சிந்தவிடுவதில்லை.

வெற்றிலைக் கறை வந்தது என் மாமியாரான அத்தையால் அல்ல. அவர்களுடைய எச்சில் பாத்திரமான கோளாம்பியைக் காலால் தட்டிவிட்ட என் கணவரால். வெற்றிலையும் பாக்கும் வாயில் சிவப்பது சுண்ணாம்பின் காரத்தால். ஆகவே இந்தக் கறையிலும் சோப்பு பகை, புளிப்பு நட்பு. முதலில் தண்ணீரை ஒற்றி எச்சிலையும் பாக்குத் துகள்களையும் எடுத்தோம். பின்பு வினிகர்த் தண்ணீர். அது சுண்ணாம்பை நீரில் கரையும் உப்பாக மாற்றி வெளியே கொண்டுவந்துவிடுகிறது, அதோடு சிவப்பும் மங்குகிறது. எட்டு ஒன்பது முறை துணி மாற்றியிருப்போம். புதுக்கறை என்பதால் தப்பித்தோம். காய்ந்து நாளான வெற்றிலைக் கறையை முழுவதும் எடுத்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. மேசையை நகர்த்தி அதன்மேல் போட்டுவிட்டார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் விசேஷம் முடிந்த மறுநாள் கம்பளத்தில் திருநீறும் குங்குமமும் காய்ந்த சந்தனமும் கிடக்கும். மூன்றிலும் தண்ணீர் படவே கூடாது. திருநீற்றையும் சந்தனப் பொடியையும் கம்பளத்தைக் கவிழ்த்துப் பின்பக்கம் தட்டினாலே உதிர்ந்துவிடும். குங்குமத்தை உறிஞ்சும் கருவியால் எடுத்து, மிச்சத்தை ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் ஒற்ற வேண்டும். ஈரக் கையோடு தொட்டால் அந்தச் சிட்டிகைக் குங்குமம் சாண் அகலத்துக்குப் பரவும். கடைக் குங்குமங்கள் பலவற்றில் இருப்பது செயற்கைச் சாயம், அது கம்பளியில் ஏறிவிட்டால் இறங்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டு வந்து நின்றால் விழுகிற இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் முட்டை வேகுவது போல அதன் புரதம் இழையிலேயே உறைந்துவிடும். பந்துமுனைப் பேனா மைக்கு ஸ்பிரிட், அதுவும் சிறுசிறு ஒற்றலாக. மின்வெட்டு இரவில் சொட்டிய மெழுகைப் பனிக்கட்டியால் இறுகவைத்து உடைத்தெடுத்து, மிச்சத்தின்மேல் பழுப்புக் காகிதத்தை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஓட்டினால் காகிதம் குடித்துவிடும். செயற்கை இழையானால் சூடு மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இழையே உருகும். சேற்றுக்கால் பட்டால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே செயல். கரிசலோ செம்மண்ணோ, நன்றாகக் காய்ந்த பிறகு துலக்கி எடுத்தால் பெரும்பகுதி தூசியாகப் போய்விடும். ஈரத்தில் துடைத்தால் சாணம் மெழுகியது போல ஆகிவிடும்.

என்னை அதிகம் படுத்தியது பேரனின் மூத்திரம். விடுமுறைக்கு வந்த குழந்தை, நடுக்கம்பளத்தில் நின்றுகொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடியே இருந்துவிட்டான். கண்ணுக்குத் தெரிவதைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு அது கீழே பரவியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மேலே ஒற்றினேன், தண்ணீர் ஊற்றி ஒற்றினேன், மின்விசிறியைப் போட்டேன். மாலையில் ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் காலையில் மஞ்சள் வளையம் ஒன்று கோலம் போட்டது போல மேலே வந்திருந்தது. மறுபடி கழுவினேன், மறுபடி வந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான் இதுவும்: மேல்பகுதி முதலில் காயும்போது, அடித்தளத்தில் தங்கியிருக்கும் ஈரம் தன்னுள் கரைந்திருக்கும் கறையையும் தூக்கிக்கொண்டு இழை வழியாக நுனிக்கு வருகிறது, அங்கே தண்ணீர் ஆவியாகிவிட, கறை மட்டும் நுனியில் நிற்கிறது. இதற்குத் தீர்வு, அந்த ஏற்றத்தையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது. வினிகர்த் தண்ணீரை மிதமாக ஊற்றி ஒற்றிய பிறகு, வெள்ளைத் துண்டை எட்டாக மடித்துக் கறையின்மேல் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றி இரவு முழுவதும் விட்டேன். ஏறி வந்த கறை இழை நுனியில் நிற்காமல் துண்டுக்குள் போய்விட்டது. காலையில் துண்டை எடுத்துப் பார்த்தபோது அந்த மஞ்சள் வளையம் துண்டில் இருந்தது. மூத்திரத்தை நாளாகவிட்டால் அது சிதைந்து அம்மோனியாவாகி நாற்றமும் காரமும் ஏறும், சாயமும் மாறும். குழந்தை சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே துண்டை எடுப்பது நல்லது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் உண்டு, ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரும் உண்டு. உப்புத்தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரண்டு இழையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெள்ளைப் படிவமும் விடும். குடிக்கிற தண்ணீரைக் கம்பளத்துக்கு ஊற்றுவதா என்று எனக்கே கூச்சமாக இருந்தாலும், கடைசியாக ஒற்றும் இரண்டு செம்புத் தண்ணீர் மட்டுமாவது தாமிரபரணித் தண்ணீராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஆக, படித்துறைக்குப் போகாவிட்டாலும் ஆறு எப்படியோ அதற்கு வந்து சேர்கிறது.

உலர்த்துவதில்தான் பலர் தோற்கிறார்கள். முழுக்கம்பளத்தையும் கழுவித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் ஓர் ஐப்பசி மாதம் கொடுத்து, பத்து நாள் கழித்து வாங்கி வந்தேன். மேலே தொட்டால் காய்ந்திருந்தது. சுருளைப் பிரித்தபோது நடுவில் ஈரம், பூசணம், கோணிச்சாக்கு நாற்றம். கடைக்காரரைச் சொல்லியும் பயனில்லை. எங்கள் மாவட்டத்துக்கு மழை கொட்டுகிற வடகிழக்குப் பருவத்தில் கம்பளத்தை நனைக்கக் கொடுத்தது என் அறியாமை. நம் ஊரில் அதற்குரிய காலம் ஆனியும் ஆடியும். அந்த மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் மழையாகப் பெய்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, குற்றாலத்தில் சாரலாக இருந்து, கிழக்கே வரவர உலர்ந்த காற்றாக வீசுகிறது. அம்மியைப் பறக்கவைக்கிற காற்று என்று பழமொழி சொல்லும் காற்று கம்பளத்தை உலர்த்தாமலா இருக்கும்? தட்டட்டியின் நிழல்பக்கத்தில், நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, தரையில் படாமல் மூங்கில்மேல் போட்டுவிட்டால் வெயிலே படாமல் ஒரே பகலில் காய்கிறது. பூசணம் பிடித்ததை அப்படித்தான் மீட்டேன்: முதலில் முழுவதும் உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்துத் துலக்கி, வினிகர்த் தண்ணீரால் ஒற்றி, மீண்டும் உலர்த்தி. நாற்றம் போக ஓர் ஆண்டாயிற்று.

இவற்றை எல்லாம் பத்தமடைப் பாய்க்கும் செய்யலாமா என்று என் மதினி கேட்டார். கூடாது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயம் தோய்த்து, நூல் பாவில் நெய்கிற அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பட்டுப்பாய் என்று சொல்லப்படும் மெல்லிய ரகத்தைத் துணி போல மடிக்கலாம். ஆனால் நெய்து முடித்த பிறகு கோரை மீண்டும் ஊறினால் உப்பிக் கோணிவிடும், கறுப்புப் புள்ளி விழும். பிழிந்த ஈரத்துணியால் நெசவின் போக்கிலேயே ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு நிழலில் விரித்துவைப்பது. அதற்குமேல் எதுவும் வேண்டாம். மஞ்சள் கறைக்காக வெயிலில் போட்டால் பாயின் சாயமும் சேர்ந்து வெளுக்கும். எங்கள் வீட்டுப் பாயில் ஒரு சாம்பார்த் திட்டு பல ஆண்டாக இருக்கிறது. அத்தை மத்தியானம் அதன்மேல்தான் தலையணையைப் போட்டுப் படுக்கிறார்கள். கம்பளத்தில் காலை நீட்டுவதற்கு இன்றுவரை அவர்களுக்கு மனம் வரவில்லை.